எல்லாத் தீவுகளும் பூவாரில்

காலையில் பூவார் பேருந்தில் ஏறினால் வலது பக்கம் உட்கார வேண்டும். இடது பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். வலது பக்கம் காற்று வரும். விழிஞ்ஞம் தாண்டியதும் தென்னைகளுக்கு நடுவே ஓரிரண்டு இடங்களில் கடலும் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் ஜானவி.

ரோஸ் மேடம், நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. நேற்று போலீஸ் ஸ்டேஷனில் எதிரே உட்கார வைத்துக் கேட்டபோதும் வரவில்லை. தமிழிலேயே எழுது, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்று காகிதம் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் சிரிப்பு வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு நல்ல பயணங்கள் அவை.

என் பெயர் நாச்சியார். அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் மலையாளம் வாசித்தால் வகுப்பு சிரிக்கும், அவ்வளவுதான். வாசிக்காவிட்டால் சிரிக்க மாட்டார்கள். பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டை விட்டே வராமல் இருந்தால் எல்லாவற்றையும்விட நல்லது. அப்படியே சில வருடங்கள் இருந்தேன்.

அப்பா வேலை செய்கிற கடைக்குப் பருப்பு வாங்க வருகிற விஜயம் மாமிக்குக் கரமனை அக்கிரகாரத்தில் வீடு. மாமா இறந்துவிட்டார். மாமி அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற நேரத்தில் மகளோடு இருக்க ஒரு பெண் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்.

"நம்ம புள்ள இருக்கு மாமி. ஆனா வாயத் தொறந்து பேசாது" என்றார் அப்பா.

"பேசாட்டா என்ன? ஜானவி ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவள். கூட இருந்தாப் போறும்."

ஜானவிக்கு இருபத்தைந்து வயது. கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தாள். தன்னோடு வேலை செய்த லிபியும் அவளும் முதுகில் ஆளுக்கொரு பையோடு தீவு தீவாகச் சுற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். அந்தமானில் தொடங்கி, காசு தீரும்வரை. கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் பைபாஸில் ஸ்கூட்டர் சறுக்கியது. கை காலுக்கு ஒன்றும் இல்லை. தலையில்தான் அடி. அதற்குப் பிறகு இன்று நடந்தது மறுநாள் அவளிடம் தங்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் அவள் அந்தப் பயணத்துக்கு முந்தைய வாரத்திலேயே கண் விழித்தாள்.

முதல் நாள் மாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். "வலிப்பு வராம இருக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு வேளைகூட விடப்படாது. ஒரு வருஷம் வலிப்பே வரலேன்னா ஞாபகமெல்லாம் மெல்ல மெல்ல நிலைச்சுடும், பழையபடி வேலைக்குக்கூடப் போலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நடுவில வலிப்பு வந்தா, கட்டினதெல்லாம் இடிஞ்சுடும். மனசிலாச்சோ?"

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு முதல் நாளே தெரியும்.

காலை மாத்திரையை மாமி கொடுத்துவிட்டு அலுவலகம் போவார். மத்தியான மாத்திரை என் பொறுப்பு. மாலையில் வந்ததும் காலி அட்டையை வாங்கிப் பார்ப்பார்.

அன்று மாமி போனதும் ஜானவி அறையைவிட்டு வந்தாள். நீல நிறப் பை ஒன்றைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தாள்.

"யாருடி நீ? டிராவல் குரூப்லேர்ந்தா? ஒருத்தி சேர்ந்துப்பான்னு லிபி சொன்னாளே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது என் பழக்கம்.

"என்ன உம்முனு நிக்கறே? பயமா? எனக்குந்தான். உன் பேர் என்ன, என்ன செருப்பு போட்டிருக்கே? ரப்பரா? ஐயோ, நீதான் நிஜமான டிராவலர். லிபி பாரு, ஷூ வாங்கி வச்சிருக்கா, மண்டு."

பள்ளியில் சுற்றுலா போகிறவர்கள் பெயரை ஆசிரியை வாசிக்கும்போது என் பெயர் வராது. கொடுத்திருந்தால்தானே வரும். இங்கே ஒருத்தி என் செருப்பைப் பார்த்தே என்னைச் சேர்த்துக்கொண்டாள். மறுநாளும் சேர்த்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் ஒருவர் உங்களைப் புதிதாகப் பார்த்து, ஒவ்வொரு நாளும் உங்களையே தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் மேடம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவளை வெளியே அழைத்துப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஒரு காலையில், "எப்போடி கிளம்பறோம்?" என்று ஜானவி கேட்டபோது, "இன்னைக்கு" என்றேன். யாரும் வற்புறுத்தாமல் என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. எனக்கே அதிசயமாக இருந்தது.

கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினோம். பூவாரில் பெரிய படகுக்காரர்கள் சுற்றுலாக்காரர்களைக் கூவிக் கூவி அழைப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போனால் அனீஷ் அண்ணனின் சின்ன வள்ளம். மீன்காரிகளோடு மீன்காரிகளாக எங்களையும் ஏற்றிக்கொண்டார். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், நடுவில் பொன் நிறத்தில் ஒரு மணல் திட்டு. அதில் இறங்கியதும் ஜானவி கேட்டாள்.

"இது எந்தத் தீவுடி?"

அவள் அறைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் பார்த்த பெயர் நினைவுக்கு வந்தது. "நீல் தீவு" என்றேன்.

"அந்தமானா? அதுக்குள்ளயா?"

"இது செலவு கம்மியான வழிக்கா."

அவள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. நம்பினாளா, விளையாட்டுக்குச் சேர்ந்து விளையாடினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டாள்.

"நாச்சி, இவா எல்லாரும் மலையாளம் பேசறாளே?"

"எந்தத் தீவுக்குப் போனாலும் ஒரு மலையாளி சாயாக்கடை இருக்கும்லக்கா."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது வாஸ்தவமாக்கும்."

அதன் பிறகு நாங்கள் போகாத தீவு இல்லை. ஒரு நாள் பாலி, ஒரு நாள் மொரீஷியஸ். மழை பெய்த ஒரு நாள் பிலிப்பைன்ஸ். எல்லாம் பூவாரில்தான். ஒரே ஒரு முறை தம்பானூரில் பாசஞ்சர் ரயில் ஏறி மன்றோதுருத்துக்குப் போனோம். அது நிஜமாகவே தீவு, ஆனால் ஜானவிக்குப் பிடிக்கவில்லை. "கடல் இல்லாத தீவு, சக்கரை இல்லாத சாயா" என்றாள்.

செலவைக் குறைப்பதில் அவள் கெட்டிக்காரி. டிரைவரும் கண்டக்டரும் சாப்பிடுகிற கடையில்தான் சாப்பிட வேண்டும். துண்டு ஒன்று போதும், நனைந்தால் பைமேல் கட்டிக் காயப்போட்டபடி நடக்க வேண்டும். மாமி கட்டிக்கொடுத்த தயிர் சாதத்தை மீன்காரிகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடமிருந்து கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொள்வாள். தொட்டுக்கொள்ள மீன் குழம்பும் கேட்பாள், மீன் இல்லாமல். "குழம்பு நீந்தாதுடி, அதுக்குத் தோஷம் கிடையாது" என்பாள். அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு தீவிலும் பையிலிருந்து ஒரு பொருளை விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இது இல்லாமலும் வாழலாம் என்று கண்டுபிடிக்கிற எதையாவது. சீப்பு, கண்ணாடி, குடை என்று ஒவ்வொன்றாக மணலில் புதைத்தோம். பை லேசாக லேசாக அவள் குதித்துக் குதித்து நடந்தாள்.

அனீஷ் அண்ணனும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார். "இன்னு எந்த ராஜ்யமா மோளே?" என்பார்.

"தாய்லாந்து."

"பாஸ்போர்ட் எடுத்தோ?"

ஜானவி பேருந்துச் சீட்டை நீட்டுவாள். அவர் ஈரமான கட்டைவிரலால் அதில் முத்திரை குத்துவார்.

மாமிக்கும் சந்தோஷம். வெயிலில் கறுத்து, பசியோடு, சிரித்துக்கொண்டு மகள் வீடு திரும்பினால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? மாத்திரைகளை நான் அப்போது ஒழுங்காகக் கொடுத்தேன். வலிப்பு வரவே இல்லை.

அதனால்தான் ஒரு நாள் அப்படி நடந்தது. வள்ளத்திலிருந்து இறங்கும்போது ஜானவி நின்றாள். தண்ணீரை நோக்கிச் சாய்ந்த ஒரு தென்னையையே பார்த்தாள்.

"நாச்சி, இந்தத் தென்னையை எனக்குத் தெரியும். நாம இங்க வந்திருக்கோம். இந்த அண்ணா பேர் அனீஷ். நீ என்கிட்ட பாலின்னு சொன்னே. கள்ளி."

என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். அன்று வீட்டில் மாமி அழுதுகொண்டே பால் பாயசம் வைத்தார். தெரு முழுவதும் கொடுத்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் நினைவில் தங்கியது. நான் யார் என்பதும் தங்கியது. அவள் கெட்டவள் இல்லை மேடம், முன்பைவிட அன்பாகவே இருந்தாள். முன்பெல்லாம், "வாடி, தண்ணி குடிக்கலாம்" என்பாள். இப்போது, "நாச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டு வரியா?" என்றாள். கொண்டு போனால் தேங்க்ஸ் சொன்னாள். லிபியோடு தினமும் போனில் பேசினாள். டிசம்பரில் நிஜமான அந்தமான். "நீயும் வாயேன் நாச்சி" என்று ஒரு நாள் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே, வாசலில் நிற்பவரைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்போமே, அந்த மாதிரி. இன்னொரு நாள், "அம்மாகிட்ட சொல்லி உனக்கு வேற நல்ல இடமாப் பார்க்கச் சொல்றேன், கவலைப்படாதே" என்றாள். எனக்குக் கவலை இருப்பதாக நான் சொல்லவே இல்லை.

அந்த வாரம் மீண்டும் பூவார் போனோம். அவளுக்கு அது பூவார் என்று தெரியும். தீவின் பெயரைக் கேட்கவில்லை. கிளம்பும்போது பையைத் திறந்து பார்த்தாள்.

"விடறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இல்லையே."

தண்ணீர் பாட்டிலும் துண்டும் மத்தியான மாத்திரையும்தான் இருந்தன. அவள் மாத்திரையை எடுத்து, "இது இல்லாம இருக்க முடியறதான்னு பார்ப்போமா?" என்று சிரித்துக்கொண்டே மணலில் குழி தோண்டினாள். முதல் மாத்திரையைப் புதைத்தது அவள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மத்தியானம் நானும் நினைவுபடுத்தவில்லை. அதற்கு மறுநாளும். அதன் பின்னால் ஒரு சாயங்காலம் வீட்டில் வலிப்பு வந்தது. மாமி துடித்துப்போனார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த காலை நான் போனபோது ஜானவி நீலப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி நீ? டிராவல் குரூப்லேர்ந்தா?"

மேடம், அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோவிலில் கொட்டு மேளம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படி இருந்தது. "ஆமாக்கா" என்றேன். இந்த முறை நான் வாயைத் திறந்து சொன்னேன். "ரப்பர் செருப்பு போட்டிருக்கேன், பாருங்க."

அன்று நாங்கள் மடகாஸ்கர் போனோம். அனீஷ் அண்ணன் அப்படி ஓர் இடத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. "அவிடெயும் கப்பை கிட்டுமோ?" என்று கேட்டார். ஜானவி சிரித்துச் சிரித்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அளவோடுதான் நடந்துகொண்டேன். ஞாபகம் நிலைக்கத் தொடங்குகிறது என்று தெரிந்தால் மட்டும் மத்தியான மாத்திரைகளை விடுவேன். மறுபடி எல்லாம் அழிந்ததும் சில நாட்கள் ஒழுங்காகக் கொடுப்பேன். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரைகளைப் பேருந்து ஜன்னல் வழியாகவோ காயலிலோ போட்டுவிடுவேன், அட்டை காலியாக இருக்கும். விடுகிற நாட்களில் தண்ணீருக்குப் போக மாட்டோம். அவள் கட்டிலைச் சுற்றித் தலையணைகள் அடுக்கி வைப்பேன். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பேன், வாயைத் துடைப்பேன். நான் அருகில் இருந்தபோது ஒரு முறைகூட அவள் நாக்கைக் கடித்துக்கொண்டதில்லை. இவ்வளவு கவனமாக வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?

டாக்டர் அளவை ஏற்றினார். மருந்தை மாற்றினார். மாமி இளைத்துக் கறுத்துப்போனார். அலுவலகத்தில் தவறுகள் செய்வதாகச் சொல்லி அழுதார். கடைசியில் காலை மாத்திரையையும் என்னிடமே ஒப்படைத்தார். "கிருஷ்ணன் மாதிரி நீ வந்து சேர்ந்தே. நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ" என்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு வேளையும் என் கையில் வந்த பிறகு வேலை எளிதானது.

முதல் மாத்திரையைப் பற்றி மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். பையைப் பார்த்து ஒன்றும் மிச்சமில்லை என்றது அவள். "மாத்திரை இருக்குல்லக்கா" என்றது நான். மற்றபடி அவளே சிரித்தாள், அவளே புதைத்தாள்.

போன வாரம் லிபி வீட்டுக்கு வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு. ஜானவி அவளைப் பார்த்து, "மண்டு, ஷூவை ரிட்டர்ன் பண்ணினியா?" என்றாள். லிபி சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"ஆன்ட்டி, இத்தனை மருந்து கொடுத்தும் ஃபிட்ஸ் வருதுன்னா எந்தோ பிரஸ்னம் உண்டு. பிளட்ல மருந்து எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் உண்டு. நான் மற்றன்னாள் லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். நாச்சியும் வரட்டும். அவளுக்குத்தானே எல்லாம் அறியும்."

மாமி என்னைப் பார்த்து, "போயிட்டு வா குழந்தே" என்றார்.

மற்றன்னாள் என்றால் நாளை மறுநாள். நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. பல நாட்களாக இரண்டு வேளையும் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. தண்ணீருக்குப் போகக் கூடாத நாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், டெஸ்ட்டுக்குப் பிறகு என்னை அந்தத் தெருவில் நுழைய விட மாட்டார்கள். கடைசியாக ஒரு தீவு போய்வரலாம் என்று தோன்றியது. எதற்கும் கடைசி என்று ஒன்று வேண்டும் அல்லவா?

அன்று மாலத்தீவு. அந்த நாட்டுக்காரர்கள் வைத்தியத்துக்கு நம் ஊருக்கு வந்து வீடெடுத்துத் தங்குகிறார்கள், நாம் அங்கே போனால் என்ன என்று ஜானவியிடம் சொன்னேன். "லாஜிக் சரியாக்கும்" என்றாள். பேருந்தில் வலது பக்கம் இடம் கிடைத்தது. கண்டக்டரைப் பற்றி என் காதில் ஏதோ சொன்னாள், நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் மிக நல்ல காலை.

வள்ளம் நடுக்காயலில் இருந்தபோது வலிப்பு வந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அனீஷ் அண்ணன் துடுப்பைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கினார்.

"குட்டீ, மருந்து கொடுத்தோ?"

"கொடுத்தேன்."

ஆட்டோவில் போகும்போதும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் கேட்டார். கொடுத்தேன் என்றேன். அவர் திரும்பவும் கேட்டார், விடாமல் கொடுத்தாயா, யோசித்துச் சொல். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். வாய் குழறவில்லை. அவ்வளவு தெளிவாக நான் மலையாளம் பேசியது அன்றுதான். மாத்திரை ஒழுங்காகப் போயிருக்கிறது என்பதால் அவர்கள் வேறு காரணம் தேடினார்கள். தலைக்குள் படம் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். உண்மை தெரிந்திருந்தால் அந்த நேரம் வீணாகியிருக்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை என்பதையும்.

அது சரிதான். மாத்திரைகளைக் கொடுக்காமல் விட்டது நான். வலிப்பு வர வேண்டும் என்றே விட்டேன். கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை, அனீஷ் அண்ணனை விட்டுவிடுங்கள்.

ஜானவி கண் திறந்துவிட்டாள் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி. இனி எதுவும் திரும்பாது, தாயையே தெரியவில்லை, ஸ்பூனைக் கொடுத்தால் அது எதற்கு என்று தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் முன்பும் நிறையச் சொன்னார்கள்.

நேற்று ஸ்டேஷனுக்கு அழைத்து வரும் வழியில் என்னை ஆஸ்பத்திரியில் அவள் அறை வாசலில் நிறுத்தினீர்கள். மாமி என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அலறினார், இவள்தான், இவள்தான் என்று. லிபி என்மேல் பாய வந்தாள், நீங்கள்தான் தடுத்தீர்கள். ஜானவி மட்டும் அலறவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்தாள், நிதானமாக, ஒரு துளிப் பயமோ கோபமோ இல்லாமல். தனக்குத் தீங்கு செய்தவளை யாராவது அப்படிப் பார்ப்பார்களா, மேடம்? மாமி சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.